விரல் எக்ஸ்ரேயை ஏன் மறுபடி எடுத்தார்கள்?

கேள்வி: விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கி என் தம்பியின் மோதிர விரல் நசுங்கிவிட்டது. முதலில் எடுத்த எக்ஸ்ரே சரியில்லை என்று மறுபடி எடுத்தார்கள். முழுக் கைக்கும் ஒரே படம் போதாதா? கதிர்வீச்சு கூடிவிடாதா?
– வாசகர், மண்டபம்

பதில்: ஒரே படம் போதாது. உள்ளங்கையைப் பலகையில் பதித்து நேராக எடுக்கும் படத்தில் ஒழுங்காகத் தெரியும் எலும்பு, பக்கவாட்டில் பார்க்கும்போது விலகியிருக்கக்கூடும். ஆகவே அடிபட்ட விரலுக்கு நேர்ப்படம், சாய்வுப்படம், பக்கவாட்டுப்படம் என மூன்றும் எடுப்பதே முறை.

இவற்றுள் பக்கவாட்டுப்படமே கடினமானது. மற்ற விரல்களை மடக்கியோ விலக்கியோ வைக்காவிட்டால் அவற்றின் எலும்புகள் அடிபட்ட விரலின்மேல் படிந்து முறிவை மறைத்துவிடும். விரல் பலகைக்கு இணையாக இல்லாமல் வளைந்திருந்தால் மூட்டுகளின் இடைவெளி மூடியதுபோலத் தோன்றி, மூட்டுக்குள் ஓடும் மெல்லிய கீறல் கண்ணுக்குத் தப்பிவிடும். கதிரின் மையம் விரலின் நடு மூட்டில் விழ வேண்டும். முழுக் கைக்கு அது நடுவிரலின் அடிமூட்டு. வலியில் கை சற்று நடுங்கினாலும் படம் மங்கும் என்பதால், விரலுக்கு அடியில் பஞ்சுத் தாங்கி வைப்பது பெரிதும் உதவும். மோதிரத்தைக் கழற்றுவது படத்துக்காக மட்டுமன்று, வீங்கும் விரலில் இரத்த ஓட்டம் தடைபடாமலிருக்கவும் அவசியம்.

விரல் படத்துக்கான கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. மங்கலான படத்தை நம்பி முறிவைத் தவறவிட்டால், கயிறு பிடித்து வாழும் கைக்கு நேரும் இழப்பே பெரிது.