கோப்பு முடிந்ததா என்று மட்டும் கேட்கும் மேலாளர்

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியாளராக நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முன்பெல்லாம் பாதிக்கப்பட்ட குழந்தையிடம் பேசிவிட்டு வந்தால் இரவு முழுவதும் தூக்கம் வராது. இப்போது மனத்தில் எதுவுமே தோன்றுவதில்லை. 1098 குழந்தைகள் உதவி எண்ணிலிருந்து தகவல் வந்தால் எரிச்சல்தான் வருகிறது. மேலாளர் கோப்பு முடிந்ததா என்று மட்டுமே கேட்கிறார். இந்த வேலைக்கு நான் தகுதியற்றவளாகிவிட்டேனா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, நிச்சயமாக இல்லை. தீராத அயர்ச்சி, வேலையின் மீது விலகலும் கசப்பும், எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வு என்று வரையறுத்தது. அது நோய் அன்று, பணியிட அழுத்தம் சரிவரக் கையாளப்படாததன் விளைவு என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. உங்கள் எரிச்சலை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

மீட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆகவே மேலாளர் கோப்பைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் நிர்வாகம், பயிற்றுவித்தல், தாங்கிப் பிடித்தல் என்று மேற்பார்வைக்கு மூன்று வேலைகள் உண்டு. பகலில் விருத்தாசலத்தில் கேட்டதை இரவில் கணவரிடமோ தாயிடமோ சொல்லச் சட்டமும் தொழில் அறமும் இடம் தராத உங்களுக்கு, அதை இறக்கி வைக்க முறையான இடம் மேற்பார்வை ஒன்றுதான். அந்த மூன்றாவது வேலை நடக்காவிட்டால் பாரம் முழுவதும் உங்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

புதுச்சேரியில் நான் பணியில் சேர்ந்த புதிதில், என் மேற்பார்வையாளர் ஒரு நாள் கோப்பை மூடி வைத்துவிட்டு, "பேசும்போது அந்தப் பெண் கையில் என்ன வைத்திருந்தாள்?" என்று கேட்டார். காலியான எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அவள் கடைசிவரை கீழே வைக்கவே இல்லை என்று சொல்லத் தொடங்கியவள், மூன்று வாரமாக வராத அழுகையை அங்கேதான் அழுதேன்.

ஆய்வுக் கூட்டத்திலிருந்து தனியாக, பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம், கைப்பேசி இல்லாமல் உட்கார்ந்து பேச வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவருக்கும் இப்படிக் கேட்க ஆளில்லாமல் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மறுத்தால், அதே அலுவலகத்தில் உடன் பணிபுரியும் இருவரோடு, குழந்தையின் அடையாளத்தைச் சொல்லாமல் பேசத் தொடங்குங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். ஜிப்மர் மனநலப் பிரிவும் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு, எந்தக் குழந்தையிடம் பேசிவிட்டு வந்தபோது உங்களுக்கு முதன்முதலாக எதுவும் தோன்றாமல் போனதோ, அந்தக் குழந்தையின் கோப்பை எடுத்துச் செல்லுங்கள்.