'ஐ ஒர்க் ஹார்ட்லி' என்று பயோடேட்டாவில் எழுதாதீர்கள்: ஆங்கில இலக்கணக் கேள்வி பதில்

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் (சொல் வகைகள்) பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள். அதிலிருந்தே தொடங்கலாம்.

கே: மேடம், நவுன் (பெயர்ச்சொல்), வெர்ப் (வினைச்சொல்), அட்ஜெக்டிவ் (பெயரை விவரிக்கும் சொல்) என்று எட்டு வகைக்கும் டெஃபனிஷன் மனப்பாடம். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அடிக்கோடிட்ட சொல் எந்த வகை என்று கேட்டால் திணறுகிறேன். (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

ப: சொல்லைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதால் வரும் திணறல் தம்பி. தமிழில் 'ராமன் பாம்பை அடித்தான்', 'பாம்பை ராமன் அடித்தான்', எப்படிச் சொன்னாலும் அடி வாங்கியது பாம்புதான். 'பாம்பை' என்பதில் உள்ள 'ஐ' உருபு காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில நவுனுக்கு அப்படி உருபு ஒட்டுவதில்லை. அங்கே சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

'வாட்டர்' என்றதும் நவுன் என்று எழுதிவிடுவீர்கள். 'ஐ டிரிங்க் வாட்டர்' என்பதில் அது சரி. 'ஐ வாட்டர் த பிளான்ட்ஸ்' என்பதில் அதே சொல் வெர்ப். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று பொருள். சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றிப் பாருங்கள். 'ஐ டிராங்க் வாட்டர்', 'ஐ வாட்டர்ட் த பிளான்ட்ஸ்'. எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் வெர்ப். சில வெர்ப்கள் ('கட்', 'புட்' போல) மாறாமல் அடம்பிடிக்கும், ஆனால் அவை கொஞ்சம்தான். வெர்ப் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கே: அட்ஜெக்டிவோடு 'லி' சேர்த்தால் அட்வெர்ப் (வினையை விவரிக்கும் சொல்). இது போதும்தானே?

ப: பல இடங்களில் போதும்: 'ஸ்லோ', 'ஸ்லோலி'. ஆனால் 'ஃபாஸ்ட்' இரண்டு வேலையையும் தானே பார்க்கும். 'ஃபாஸ்ட்லி' என்று எழுதினால் தப்பு. 'ஹார்ட்' சொல்லும் அப்படித்தான்: கடினமாக உழைக்கிறேன் என்பதற்கு 'ஐ ஒர்க் ஹார்ட்' போதும், 'ஐ ஒர்க் ஹார்ட்லி' தப்பு. 'ஹார்ட்லி' என்றால் 'அநேகமாக இல்லை'. 'ஐ ஹார்ட்லி ஒர்க்' என்று சொன்னால் நான் வேலையே செய்வதில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வதுபோல ஆகிவிடும்! இன்னொரு பக்கம், 'ஃப்ரெண்ட்லி' என்பது 'லி'யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ்.

கே: அக்கா, 'யு' உயிரெழுத்துதானே? 'ஆன் யூனிவர்சிட்டி' என்று எழுதிய என் மகளுக்கு ஏன் மார்க் குறைத்தார்கள்?

ப: எழுத்தைப் பார்க்கக்கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். சொல்லை வாயால் சொல்லிப் பார்த்து, காதில் விழுவதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', இல்லாவிட்டால் 'எ'. 'யூனிவர்சிட்டி' யகரத்தில் தொடங்குகிறது, அதனால் 'எ'. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் 'எச்' இருந்தாலும் உச்சரிப்பு 'அவர்', ஆகவே 'ஆன் அவர்'. 'ஆன் எம்.எல்.ஏ.'வும் இதே கணக்குதான். ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள்: எண் ஒன்றை 'ஒன்' என்று நாம் எழுதினாலும் ஆங்கிலேயர் வாயில் அது 'வன்'. 'எ ஒன்-வே ரோடு' என்பதே சரி.

கே: 'ஐ டிட் நாட் வென்ட்' ஏன் தப்பு? போனது நேற்றுதானே?

ப: நேற்று என்பதை 'டிட்' ஏற்கெனவே சொல்லிவிட்டது. தமிழிலும் 'நேற்று போகவில்லை' என்கிறோம். அந்தப் 'போக'வில் காலம் இருக்கிறதா? இல்லை. அதேபோல 'டிட் நாட்'டுக்குப் பின்னால் வெறும் 'கோ' வந்தால் போதும்.

கே: 'டிஸ்கஸ் அபவுட்' தவறு என்று ஆபீசில் சிரிக்கிறார்கள்.

ப: சிரிக்க வேண்டியதில்லை, ஆனால் தவறுதான். தமிழில் 'அதைப் பற்றி' என்று பேசிப் பழகியதால் 'அபவுட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 'டிஸ்கஸ்' வெர்ப், 'லெட் அஸ் டிஸ்கஸ் த பிளான்' என்று நேராகப் போகும். அதுவே 'டிஸ்கஷன்' என்று நவுனாகிவிட்டால் 'அபவுட்' வரலாம். 'ஆன்சர் த கொஸ்டின்', 'த ஆன்சர் டு த கொஸ்டின்' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வெர்ப்புக்கு 'டு' வேண்டாம், நவுனுக்கு வேண்டும்.

கே: சில புத்தகங்களில் எட்டு வகை, சிலவற்றில் ஒன்பது. எது சரி?

ப: எட்டு என்பது பழங்கால கிரேக்க இலக்கணத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த கணக்கு. லத்தீனில் ஆர்ட்டிக்கிள் (ஆங்கில 'த' போன்ற சொல்) கிடையாது, அதனால் அங்கே அதைக் கழற்றிவிட்டு இன்டர்ஜெக்ஷனை ('ஐயோ', 'ஆஹா' போன்ற உணர்ச்சிச் சொல்) சேர்த்தார்கள். இப்போது 'எ', 'ஆன்', 'த' எல்லாவற்றையும் 'டிடர்மினர்' என்று தனி வகையாக்கி ஒன்பது என்கிறார்கள். தேர்வுக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையை எழுதுங்கள்.

கே: 'ஆல்தோ இட் ரெயின்ட், பட் வி வென்ட்' சரியா?

ப: இல்லை. 'ஆல்தோ', 'பட்' இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.