கை கழுவிக்கொண்டே இருக்கும் மகன்

கேள்வி: டாக்டர், என் மகனுக்குப் பத்து வயது. ஆறு மாதமாகப் பள்ளியிலிருந்து வந்ததும் முக்கால் மணி நேரம் குழாயடியில் நின்று கை கழுவுகிறான். விரல் இடுக்குகளில் தோல் வெடித்து இரத்தம் கசிகிறது. ஓர் எழுத்து கோணலாக விழுந்துவிட்டால் தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதுகிறான். இரவில், "அம்மா, என் கையில் கிருமி இல்லையே? உனக்கு ஒன்றும் ஆகாதே?" என்று இருபது முறையாவது கேட்கிறான். "சுத்தம் பார்க்கிற பிள்ளை, நல்லதுதானே" என்கிறார் மாமியார். என் கணவர் பொறுமையிழந்து ஒரு நாள் அடித்தும்விட்டார். இது பழக்கமா, நோயா?

வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்க மிகவும் வாய்ப்புண்டு, நேரில் பார்த்த பிறகே உறுதி செய்ய முடியும். இந்நோய் நூறு சிறார்களில் ஒருவர், இருவருக்கு வருவதுதான். உங்கள் வளர்ப்பில் நேர்ந்த குறையால் வந்ததன்று.

மடி, ஆசாரம் பார்க்கும் வீடுகளில் சுத்தத்தையும் நோயையும் பிரித்தறிவது கடினம் என்பதால் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், சுத்தம் பார்ப்பவருக்குக் கழுவி முடித்ததும் மனம் நிறைந்துவிடும், உங்கள் மகனுக்கோ கழுவி முடித்த மறுகணமே "சரியாகக் கழுவினேனா?" என்ற ஐயம் மீண்டும் முளைக்கிறது. வேண்டாத எண்ணமும், அதைத் தணிக்கச் செய்யும் சடங்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டாலோ, படிப்பையும் உறக்கத்தையும் கெடுத்தாலோ மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். தனக்குள் எண்ணிக்கொள்வது, மனத்துக்குள் மன்னிப்புக் கேட்பது என வெளியே தெரியாத சடங்குகளும் உண்டு. வெட்கத்தால் குழந்தைகள் அவற்றைச் சொல்வதில்லை.

அவன் கேட்கும்போதெல்லாம் "ஒன்றும் ஆகாதுடா கண்ணா" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். ஆனால், அந்த ஆறுதல் அவனுடைய பயத்தைச் சில நிமிடங்களுக்குத் தணித்துவிட்டு, அடுத்த முறையும் உங்கள் வாயால் கேட்டால்தான் நிம்மதி என்று அவன் மனத்துக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதற்காக இன்றிரவே பதில் சொல்வதை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்; அவன் தவித்துப்போவான். சிகிச்சையாளரின் துணையோடு, அவனுடைய சம்மதத்தோடு, இருபது முறையைப் பதினைந்தாகவும் பிறகு பத்தாகவும் குறைத்துக்கொண்டு வர வேண்டும். அடிப்பது பயத்தைக் கூட்டுமே தவிர, சடங்கைக் குறைக்காது.

முதன்மையான சிகிச்சை, பயத்தை எதிர்கொண்டு சடங்கைத் தவிர்க்கும் பயிற்சி. பயங்களைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டு, சிறியதிலிருந்து தொடங்குவோம். கதவுக் கைப்பிடியை ஒரு விரலால் தொட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கழுவாமல் அவன் என்னோடு உட்கார்ந்திருப்பான். முதலில் நான்கு என்று சொன்ன பயம், நேரம் போகப்போக மூன்று, இரண்டு எனத் தானாகவே இறங்குவதைப் பெரும்பாலும் குழந்தையே கண்டுகொள்ளும். இறங்காத நாளிலும், கழுவாமலேயே அதைத் தாங்க முடிந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

நோய் கடுமையாக இருந்தால் செர்ட்ராலின், ஃபுளூவாக்சமைன் போன்ற மருந்துகளும் தேவைப்படும். 2004இல் அமெரிக்காவில் 112 சிறார்களிடம் நடத்திய ஆய்வில், 12 வார முடிவில் நோய்க்குறிகள் பெரும்பாலும் நீங்கியவர்கள், பயிற்சியும் செர்ட்ராலினும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகம். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர். மருந்தின் முழுப்பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம் என்பதால் இடையில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தொடக்க வாரங்களில் அளவுமீறிய பதற்றமோ, சாவைப் பற்றிய பேச்சோ தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் மனநல மருத்துவர் அருகில் இல்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். டெலி மானஸ் இலவச உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். போகும் முன் ஒரு வாரம், எதற்குப் பிறகு கழுவினான், எவ்வளவு நேரம், எத்தனை முறை கேட்டான் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். "உன்னைத் திட்டுவதற்காக இல்லை, டாக்டரிடம் காட்டத்தான்" என்று அவனிடமே சொல்லிவிட்டுக் குறியுங்கள்.