செற்றியும் பூனையின் நகங்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்குச் சென்ற ஆவணியில் புதிய செற்றி வாங்கிப் போட்டோம். வீட்டில் மூன்று வயதுப் பெண் பூனை ஒன்று இருக்கிறது. மாரி தொடங்கிய நாளிலிருந்து அது செற்றியின் ஒரு கைப்பக்க மூலையை விறாண்டி நூல் நூலாக்கிவிட்டது. ஏசிப் பார்த்தோம், தண்ணீர் தெளித்தும் பார்த்தோம். பின் விறாந்தையில் ஒரு மரக்குற்றி வைத்தோம். அது அந்தப் பக்கமே போவதில்லை. மருமகன் பூனையை எங்காவது கொண்டுபோய் விடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, கல்லடி

பதில்: சகோதரிக்கு, பூனையை எங்கும் கொண்டுபோய் விட வேண்டாம். பிராண்டும் பழக்கத்தை எந்தப் பூனையிடமிருந்தும் எடுத்துவிட முடியாது. ஆனால் அது பிராண்டும் பொருளை மாற்ற முடியும். என் வீட்டில் இரண்டு பூனைகளோடு இதைக் கண்டவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

பூனையின் நகம் அடுக்கடுக்காக வளர்வது. மேலே உள்ள பழைய உறை கழன்றால்தான் உள்ளிருக்கும் கூரிய நகம் வெளிப்படும். செற்றியின் அடியைக் கூட்டும்போது பிறை வடிவில் மெல்லிய ஓடு போன்ற துண்டுகள் அகப்பட்டால் பயப்பட வேண்டாம். அவை உடைந்த நகங்கள் அல்ல, கழன்ற உறைகளே. முன்னங்கால்களை உயர ஊன்றி உடம்பை நீட்டி இழுப்பதால் முதுகுக்கும் தோளுக்கும் சோம்பல் முறித்தது போன்ற சுகமும் கிடைக்கிறது. தூங்கி எழுந்தவுடன் அது பிராண்டுவதைக் கவனித்திருப்பீர்கள். இவற்றுக்கு மேலாக, விரல்களுக்கிடையே உள்ள சுரப்பிகளின் வாசனையைப் பூனை பிராண்டும் இடத்தில் பதிக்கிறது. அந்தக் கீறலும் வாசனையும் சேர்ந்து, இது தன் இடம் என்று அது வைக்கும் அடையாளம்.

உங்கள் மரக்குற்றி ஏன் பயன்படவில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அடையாளம் என்பது எல்லோரும் கூடும் இடத்தில், தான் படுத்தெழும்பும் இடத்தின் அருகில், கண்ணில் படும்படி வைக்க வேண்டிய ஒன்று. ஆள் நடமாட்டமில்லாத பின் விறாந்தையில் அடையாளம் வைத்துப் பூனைக்கு என்ன பயன்? மாரிக்கு முன்பு அது வளவிலுள்ள முருங்கையிலோ வேம்பிலோ பிராண்டியிருக்கும். வாடைக்காற்றோடு மழை பிடித்து வளவில் தண்ணீர் நின்றதும் அது உள்ளே ஒதுங்கியது. உள்ளே உயரமாகவும், அசையாமலும், நகம் பற்றும்படியும் இருந்த பொருள் உங்கள் புதிய செற்றி ஒன்றுதான்.

ஆகவே செற்றியைவிட அதற்குப் பிடித்த ஒன்றை, செற்றியின் அந்த மூலைக்கு முன்னாலேயே வையுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் சிசல் எனப்படும் கற்றாழை நார்க்கயிறு சுற்றிய தூண்களை இதற்கென்றே விற்கிறார்கள். தென்னை நிறைந்த நம் ஊரில் அதைத் தேடி அலையத் தேவையில்லை. தும்புக்கயிறு அந்த வேலையை நன்றாகவே செய்யும். ஓடாவி ஒருவரிடம் சொல்லி, 4 அங்குலச் சதுரமும் 3 அடி உயரமும் உள்ள மரத்துண்டொன்றை, ஏறத்தாழ 2 அடிச் சதுரமான கனத்த பலகையில் நிமிர்த்திப் பொருத்திக்கொள்ளுங்கள். பூனை பின்னங்காலில் நின்று முழு உடம்பையும் நீட்டும் அளவுக்கு உயரம் வேண்டும். அதன் பாரத்தில் தூண் ஒரு தடவை ஆடினாலும், மறுபடி அதைத் தொடுவதற்குப் பூனை அஞ்சும். 10 மில்லிமீற்றர்த் தடிப்பான கயிற்றை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றி, மேலும் கீழும் ஆணியடித்து, ஆணித்தலை வெளியே தெரியாமல் உள்ளே இறக்கிவிடுங்கள். 80 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சுற்றுவதற்கு ஏறத்தாழ 35 மீற்றர்க் கயிறு பிடிக்கும். கீல் பூசிய கயிறும் நைலோன் கயிறும் வேண்டாம். முதலாவது நஞ்சு, இரண்டாவது வழுக்கும்.

தூண் நின்ற பிறகு செற்றியின் மூலையைச் சில வாரங்களுக்கு வழுவழுப்பான தடித்த பொலித்தீனால் மூடி வையுங்கள். நகம் பற்றாத இடத்தில் பூனை நெடுநேரம் முயலாது. இருபக்கமும் ஒட்டும் ரேப்பும் நல்லதுதான். ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசி படிந்து அதன் பசை இரண்டு நாளில் போய்விடும் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். ஒட்டுவதற்கு முன் துணியின் மறைவான பகுதியில் ஒட்டி, கறை பிடிக்கிறதா என்று பாருங்கள்.

நம் வளவுகளில் தானாக முளைக்கும் குப்பைமேனிக்குத் தமிழில் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் காரணமில்லாமல் வந்ததல்ல. பிடுங்கிய அதன் வேரின் வாசனைக்குப் பூனைகள் பல மயங்கி, அதில் முகத்தைத் தேய்த்து உருளும். வேரைக் கழுவி, தூணின் கயிற்றில் நன்றாகத் தேய்த்துவிட்டுத் தூர எறிந்துவிடுங்கள். செடியைத் தின்ன விட வேண்டாம். எல்லாப் பூனைகளும் இதற்கு மயங்குவதில்லை என்றாலும், செலவில்லாத இந்த முயற்சியைச் செய்து பார்ப்பதில் குறையொன்றுமில்லை. அது தானாகத் தூணில் நகம் வைத்தவுடன், உப்பிடாமல் அவித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுங்கள். அதன் கையைப் பிடித்துத் தூணில் தேய்த்துக் காட்ட மட்டும் வேண்டாம். பிடித்து அமுக்குவதைப் பூனை வெறுக்கும், தூணையும் சேர்த்து வெறுக்கும்.

ஏசுவதையும் தண்ணீர் தெளிப்பதையும் இன்றே நிறுத்துங்கள். நீங்கள் இருக்கும்போது பிராண்டினால் தண்ணீர் வரும் என்பதை மட்டுமே அது படித்துக்கொள்ளும். நீங்கள் அறைக்குள் போனதும் தொடரும். பயந்த பூனை தன் இடத்தை உறுதிசெய்ய இன்னும் அதிகமாக அடையாளம் வைக்கும். கயிறு பிய்ந்து அசிங்கமாகத் தெரிந்தாலும் தூணை அவசரப்பட்டு எறிய வேண்டாம். அந்தப் பிய்ந்த நாரும் அதில் ஏறிய வாசனையும்தான் பூனையை அங்கே திரும்ப அழைக்கின்றன. சில வாரங்களுக்குப் பின், நாளுக்கு ஓரிரு அங்குலமாக அதைச் சற்று ஒதுக்கமான இடத்துக்கு நகர்த்தலாம். மண்டபத்தை விட்டு வெளியே கொண்டுபோனால் மட்டும் பழைய கதை திரும்பிவிடும். இதை உங்கள் மருமகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: வாப்பா பாவித்த தேக்குச் சாய்மனைக் கதிரையின் பிரம்புப் பின்னலில் எங்கள் பூனை நகத்தை மாட்டி இழுக்கிறது. கதிரைக் கால்களில் மண்ணெண்ணெய் தடவ வேண்டும் என்கிறார் உம்மா. பக்கத்து வீட்டு மாமியோ மிளகாய்த்தூள் போடச் சொல்கிறார். எது நல்லது?
– வாசகர், மருதமுனை

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். உம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பூனை நாளெல்லாம் தன் காலையும் உடம்பையும் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி; காலில் படுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். மண்ணெண்ணெய் வாயையும் குடலையும் புண்ணாக்கும். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மிளகாய்த்தூள் பட்ட காலால் முகத்தைத் துடைக்கும்போது அது கண்ணுக்குப் போகிறது. பினாயில் வகைக் கிருமிநாசினிகளையும் அந்துருண்டைகளையும் இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மனிதனின் ஈரல் முறித்து வெளியேற்றும் இத்தகைய பொருட்களைப் பூனையின் ஈரலால் அவ்வாறு வெளியேற்ற முடியாது என்பதால், சிறிதளவும் அதற்குக் கொடிய நஞ்சாகிவிடும். தோடம்பழத்தோலின் வாசனையைப் பல பூனைகள் விரும்புவதில்லை. கதிரையின் கீழ் ஒரு தட்டில் புதிய தோலை வைக்கலாம். குப்பியில் விற்கும் தோடம்பழ எண்ணெயைத் தெளிப்பது கூடாது.

பிரம்புப் பின்னல் பூனைக்குப் பெரிய ஆசை. ஒவ்வொரு கண்ணிலும் நகம் சரியாக மாட்டும், இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். வாப்பாவின் கதிரை திரும்பக் கிடைக்காத பொருள் என்பதால், பழக்கம் மாறும்வரை யாரும் இருக்காத நேரங்களில் அதை முழுவதுமாக மூடி வையுங்கள். கைத்தறிக்குப் பேர்போன உங்கள் ஊரில், நெருக்கி நெய்த தடித்த துணி கிடைப்பதற்குச் சிரமமில்லை. அதைத் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டுங்கள். முதல் பதிலில் சொன்ன தூணை அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். உங்கள் பூனை நின்று பிராண்டாமல் குனிந்து தட்டையான இடத்தைப் பிராண்டும் வகையானால், தூணுக்குப் பதில் வாசலில் போடும் தும்புக் கால்மிதியே போதும்.

அதோடு முன்னங்கால் நகங்களின் நுனியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுங்கள். பூனை தூக்கக் கலக்கத்தில் மடியில் கிடக்கும்போது விரலை மெல்ல அமுக்கினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பகுதி தெரியும். அதற்குள் இரத்தக்குழாயும் நரம்பும் இருப்பதால் அதைத் தொடாமல், கண்ணாடி போன்ற வளைந்த கூர்நுனியை மட்டும் வெட்ட வேண்டும். தவறி இரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஒரே நாளில் எல்லா நகத்தையும் வெட்டத் தேவையில்லை. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு இரண்டு என்றால் பூனையும் பொறுத்துக்கொள்ளும். நகம் வெட்டினால் பிராண்டல் நிற்காது, சேதம்தான் குறையும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் எங்கள் சித்தி, அங்கே முன்பு ஒரு பூனைக்கு அறுவைச் சிகிச்சை செய்து நகங்களை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார். இங்கும் செய்யலாமா?
– மாணவி, அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம் மகள். அது நகம் எடுப்பதல்ல. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து முளைப்பதால், நகத்தோடு அந்த எலும்பையும் வெட்டியெடுக்கிறார்கள். நம் கைவிரல்கள் ஒவ்வொன்றையும் கடைசி மொளியோடு துண்டிப்பதற்கு அது ஒப்பாகும். அதன் பின் மண் தட்டில் கால் வைப்பதே நோவாகி, கண்ட இடத்தில் மலசலம் கழிக்கும் பூனைகளும், நகம் இல்லாததால் கடிக்கத் தொடங்கும் பூனைகளும் உண்டு. உங்கள் சித்தி இருக்கும் கனடாவிலேயே நோவா ஸ்கோஷியா மாகாணம் இதை 2018இல் தடைசெய்தது. வேறு பல மாகாணங்களும் தடைசெய்துள்ளன. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 2019இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. ஒரு கதிரைக்காக ஓர் உயிரின் விரல்களை வெட்டுவதை என்னால் எந்த நிலையிலும் ஏற்க முடியாது.

கேள்வி: பூனை உள்ள வீட்டுக்குச் செற்றி வாங்குவதானால் எந்த உறை நல்லது?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: நூல் வளையங்கள் மேலே தெரியும்படி தளர்வாக நெய்த துணியைத் தவிருங்கள், நகம் மாட்டுவதற்கென்றே செய்தது போல் இருக்கும். வெல்வெற் போன்ற, நெய்த இழை வெளியே தெரியாத துணிகளில் நகம் பற்றுவது குறைவு. தோலும் ரெக்சினும் துடைக்க வசதியானவை என்றாலும் ஒருமுறை கிழிந்தால் தைத்து மறைக்க முடியாது. கடையில் முடிவு செய்வதற்கு முன், துணியின் மேல் உங்கள் விரல் நகத்தை அழுத்தி இழுத்துப் பாருங்கள். நகத்தோடு இழை எழும்பி வந்தால் அதை வாங்க வேண்டாம். கழற்றி மாற்றக்கூடிய உறையுள்ள செற்றி கிடைத்தால் அதையே எடுங்கள்.