வெறும் ஐ7-னு எழுதாதீங்க, முழு மாடல் நம்பர் வேணும்! ப்ராசஸர் கேள்வி-பதில்

கே: பழைய பென்டியம் 4-லயே 3 கிகாஹெர்ட்ஸ் இருந்துச்சு. புதுசா பாக்குற ஐ5-12400-ல 2.5-தான் போட்டிருக்கு. குறைஞ்சுடுச்சா?

ப: 2.5-ங்கறது பேஸ், அதாவது அடிப்படை வேகம்; தேவைப்படும்போது பூஸ்ட்ல 4.4 வரை போகும். அதுவும் போக, கிளாக்கை (இந்த கிகாஹெர்ட்ஸ் கணக்கை) மட்டும் வெச்சு எடை போடாதீங்க. பென்டியம் 4-ல கிளாக்கை ஏத்திக்கிட்டே போய் 2004-ல 3.8-லயே சூட்டுல திணறி, 4 கிகாஹெர்ட்ஸ் மாடலையே கைவிட்டாங்க. 2006-ல வந்த கோர் 2 டுவோ 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் ஓடுச்சு, ஆனா ஒவ்வொரு கிளாக்குக்கும் முடிக்கிற வேலை ஜாஸ்தி, அதனால பென்டியம் 4-ஐ சுலபமா முந்திடுச்சு.

கே: 12400எஃப் போட்டேன், டிஸ்ப்ளே வரல.

ப: எஃப்-னா உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. தனியா கிராஃபிக்ஸ் கார்டு போடுங்க.

கே: செகண்ட் ஹேண்ட்ல ஐ7 பிசி சல்லிசா வருது, வாங்கலாமா?

ப: எந்த ஐ7? எத்தனை தடவை சொல்றது, மாடல் நம்பர் இல்லாம கேட்டா என்ன பதில் சொல்ல முடியும்? 2011-ல வந்த 2600-ம் ஐ7தான், 2022 தொடக்கத்துல வந்த 12700-ம் ஐ7தான். முன்னதுல 4 கோர் (வேலை செய்யற தனித்தனி பிரிவு), பின்னதுல 12. அந்த 2600-ஐ 12-வது ஜெனரேஷன் ஐ3-12100 பக்கத்துல வெச்சுப் பாருங்க, ரெண்டுலயும் 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை வரிசை)தான், ஆனா ஐ3 ரெண்டு மடங்குக்கு மேல வேகம். இது தெரியாத ஜனங்ககிட்ட ஐ7 ஸ்டிக்கரைக் காட்டியே பழைய ஆபீஸ் பிசியைத் தள்ளிவிடறாங்க, பசங்க படிப்புக்குனு கஷ்டப்பட்டு சேர்த்த காசு அப்படியே போகுது, எனக்கு வயிறெரியுது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல பொதுவா 8-வது ஜெனரேஷனாவது வேணும், அதுக்குக் கீழ வாங்காதீங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து மாடல் நம்பரை உங்க கண்ணால பாருங்க.

கே: ஐ7-7700 இருக்குற மதர்போர்டுல ஐ7-8700 போடலாமா? சிப் உக்கார்ற சாக்கெட் ஒண்ணுதானே?

ப: உக்காரும், ஓடாது. 8700 மாதிரி 8-வது ஜெனரேஷனுக்கு 300 சீரிஸ் சிப்செட் இருக்குற போர்டு வேணும். போட்டி கம்பெனி ஏஎம்டில, 2017-ல ரைசன் ப்ராசஸர் வந்த அதே ஏஎம்4 சாக்கெட்ல, பல போர்டுகள்ல 5000 சீரிஸ் வரைக்கும் போடலாம். பயோஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் முதல்ல, சிப் அப்புறம்.

கே: என்கிட்ட இன்டெல் ஐ9-13900கே இருக்கு, கேம் ஆடும்போது அடிக்கடி கிராஷ் ஆகுது.

ப: பயோஸ் அப்டேட் பண்ணுங்க, 2024 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் வந்ததா இருக்கணும். வோல்டேஜ் ஏறி ஏற்கெனவே அடிபட்ட சிப் அதுல சரியாகாது, வாரன்டில மாத்துங்க. தனியா பாக்ஸ்ல வாங்கின ப்ராசஸரா இருந்தா இன்டெல் வாரன்டியை ரெண்டு வருஷம் கூட நீட்டிச்சிருக்கு, பில்லைத் தேடி எடுங்க.