டாங்கி மாதிரிக்கு வாஷ் போட்டதும் பெயின்ற் கரைகிறது, புழுதி பூசினாலும் பொம்மை போலவே இருக்கிறது. எங்கே பிழை?

உங்கள் ரி-34 என்ற சோவியத் டாங்கி மாதிரிக்கு நடந்தவை இரண்டு வேறு வேறு பிழைகள். பெயின்ற் கரைந்தது தின்னரால். பொம்மை போல இருப்பது, ஊத்தை எங்கே பிடிக்கும் என்று பார்க்காமல் உடம்பெல்லாம் ஒரே அளவாகப் பூசியதால்.

தின்னரை முதலில் முடிப்போம். 1/35 அளவில் கட்டி, டமியா அக்ரிலிக் பச்சை அடித்து, மறுநாளே எனாமல் வாஷை, அதாவது இடுக்குகளில் ஓடி நிழல் காட்டுகிற நீர்த்த சாயத்தை, ஹார்ட்வெயார் கடைத் தின்னரில் கரைத்துப் பூசியதாக எழுதி, படமும் அனுப்பியிருக்கிறீர்கள். கடையில் "தின்னர் ஒரு போத்தல்" என்று மட்டும் கேட்டால் கையில் தருவது பெரும்பாலும் என்.சி. தின்னர். வாகனத்துக்கும் தளபாடத்துக்கும் லாக்கர் அடிக்கிறவர்கள் வாங்குவது அதுதான். அக்ரிலிக்கைக் கரைப்பதோடு நிற்காமல் அடியில் இருக்கிற பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கையும் தின்னும். எனாமலுக்கும் ஓவியர்களின் ஓயில் பெயின்றுக்கும் வேண்டியது வைற் ஸ்பிரிற், அதாவது மினரல் டேர்பன்டைன். மணம் குறைந்த வகை கிடைத்தால் அதையே எடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். காய மறுக்கும், பிசுக்கு விடும். என்.சி. தின்னரை எறியத் தேவையில்லை. எயார்பிரஷ் கழுவ அது நல்ல சாமான், ரப்பர் வளையங்களை மட்டும் அதில் ஊறப்போடாதீர்கள்.

எந்தத் தின்னராக இருந்தாலும் டாங்கியில் பரீட்சை பார்க்காதீர்கள். பாகங்கள் கோர்த்து வருகிற பிளாஸ்ரிக் சட்டத்தில் ஒரு விரல் நீளத் துண்டை எடுத்து, டாங்கிக்கு அடிக்கும்போதே அதே பச்சையை அதற்கும் அடித்து வையுங்கள். காது குடைகிற பஞ்சுக் குச்சியைத் தின்னரில் தோய்த்து அதில் பத்துத் தரம் தேயுங்கள். பஞ்சில் பச்சை ஏறினால் அந்தப் போத்தல் டாங்கிக்குக் கிட்டவே வரக்கூடாது.

இதற்குள் இருக்கிற விதி ஒன்றுதான்: மேலே வருவதன் கரைப்பான் கீழே இருப்பதைத் தொடக்கூடாது. அதனால்தான் அடியில் லாக்கர் பிரைமர், அதன் மேல் அக்ரிலிக், அதன் மேல் எனாமலும் ஓயிலும் என்று அடுக்குகிறோம். அடி நிறமே எனாமல் என்றால் அதன் மேல் எனாமல் வாஷ் போடுமுன் இடையில் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். இன்னொன்று, பெயின்ற் படாத வெறும் பிளாஸ்ரிக்கில், முக்கியமாகச் சில்லு அச்சுப் போல இறுகி நிற்கிற இடங்களில், எனாமல் வாஷ் தேங்கினால் பிளாஸ்ரிக் சில நாளில் வெடிக்கும். சில்லு கையில் கழன்று வந்தபின் பசையைத் திட்டுகிறவர்கள் அதிகம். பசையில் குற்றம் இல்லை.

அடுத்தது எங்கள் பக்கத்துக் காலநிலை. மறுநாளே வாஷ் போடலாம் என்று பெட்டிக் குறிப்பு எழுதுகிறவர் மட்டக்களப்பு வாவிக் கரையில் இருந்து எழுதுவதில்லை. ஐப்பசியில் இருந்து தை வரை மாரியில் அக்ரிலிக்குக்கு இரண்டு முழு நாள், எனாமல் வாஷுக்கு இரண்டு நாள், ஓயில் பெயின்றுக்கு ஒரு கிழமை விடுங்கள். காற்றில் ஈரம் ஏறிய நேரத்தில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் பால் பூத்தது போல வெள்ளை படரும். கரைப்பான் வேகமாகப் பறக்கையில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிவதுதான் காரணம். அப்படிப் படர்ந்தால் சுரண்டாதீர்கள். வெயில் ஏறிய ஒரு பகலில், ரிட்டாடர் (காய்வதைத் தாமதப்படுத்துகிற திரவம்) கலந்த லாக்கர் தின்னரை மட்டும் தூரத்தில் இருந்து மிக மெல்லிய புகையாக அடித்தால் வார்னிஷ் இளகித் திரும்பத் தெளியும். மாரியில் கொம்பிரசர் குழாய்க்குள்ளும் தண்ணீர் சேரும். ஈரப்பொறி பூட்டாவிட்டால் எயார்பிரஷ் நடுவில் ஒரு துளி தண்ணீரைத் துப்பி முழுப் பக்கத்தையும் கெடுக்கும்.

காய்ந்த கச்சான் காற்றுக் காலத்தில் இது தலைகீழ். பெயின்ற் பிளாஸ்ரிக்கைத் தொடுமுன்னே காய்ந்து தூளாக விழும். தடவினால் அரத்தாள் போலச் சொரசொரக்கும். டமியா அக்ரிலிக்கை ஒரு பங்கு பெயின்றுக்கு ஒன்றரைப் பங்கு அதன் சொந்தத் தின்னர் என்று இளக்கி, சில துளி ரிட்டாடர் விட்டு, 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், எட்டுப் பத்து சென்ரிமீற்றர் தூரத்தில் பிடியுங்கள். காலை ஏழு மணிக்கு அடிப்பது மத்தியானம் அடிப்பதைவிட எப்போதும் நல்லது.

இனிப் பொம்மைத்தனம். இதற்குப் படம் பார்த்துப் படிக்க முன், சம்மாந்துறைப் பக்கம் வட்டைக்குள் (வயலுக்குள்) இருந்து உழவு முடித்து றோட்டுக்கு ஏறுகிற ஒரு லாண்ட்மாஸ்டரை (இருசில்லு உழவு இயந்திரத்தை)ப் பக்கத்தில் நின்று பாருங்கள். சில்லும் மட்காட்டின் அடியும் களியால் மூடியிருக்கும். அதற்குமேல் தெறித்த புள்ளிகள், அவையும் பின்பக்கம் சாய்ந்தபடி. நேற்றைய களி வெளுத்துச் சாம்பலாகி வெடித்திருக்கும். இன்றையது கறுத்து மினுங்கும். கை பிடிக்கிற இடத்தில் பெயின்றே இருக்காது, இரும்பு பளபளக்கும். எண்ணெய் ஊற்றுகிற மூடியைச் சுற்றிக் கறுத்த வழிசல். மேல்மூடியில் ஊத்தையே இல்லை, வெயிலில் நரைத்த நிறம் மட்டும். டாங்கியிலும் இதுவேதான். கீழே களி, நடுவில் தெறிப்பு, மேலே புழுதியும் நரையும், ஆள் ஏறி இறங்கும் வழியில் தேய்வு. நீங்கள் கோபுரத்தின் உச்சிக்கும் அடிவயிற்றுக்கும் ஒரே புழுதிப் பவுடரைப் பூசியிருக்கிறீர்கள்.

அடி நிறத்தையே கொஞ்சம் வெளிறக் கலக்க வேண்டும். போத்தலில் இருந்து வந்தபடியே அடித்த கடும் பச்சை, சின்ன உருவில் இன்னும் கறுத்துத் தெரியும். பத்துக்கு ஒரு பங்கு பஃப் (வெளிறிய மண் நிறம்) அல்லது மஞ்சள் சேருங்கள். முழுவதும் அடித்தபின் இன்னும் வெளிறிய கலவையை மேல்நோக்கிய தட்டுகளின் நடுவில் மட்டும் லேசாக விடுங்கள்.

கறுப்பு வாஷை விடுங்கள். பச்சையின் மேல் கறுப்பு கோடு கீறினதுபோல இருக்கும். பேர்ன்ட் அம்பர் என்ற கடும் கபில ஓயில் பெயின்றைப் பட்டாணி அளவு ஒரு காட்போட் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் எண்ணெயைக் காட்போட் உறிஞ்சிவிடும், பிறகு மினுங்காமல் காயும். அதை வைற் ஸ்பிரிற்றில் தேயிலைச் சாயம் போல இளக்குங்கள். பளபள வார்னிஷ் அடித்துக் காய்ந்த மேற்பரப்பில், மெல்லிய பிரஷ் நுனியை ஆணித்தலையின் அடியில் ஒரு தரம் தொட்டால் போதும். சாயம் தானே ஓடி விளிம்பைச் சுற்றி வரும். இருபது நிமிடம் கழித்து, வைற் ஸ்பிரிற்றில் நனைத்துத் துணியில் ஒற்றிய பிரஷால் மிச்சத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். மட், அதாவது பளபளப்பில்லாத, மேற்பரப்பில் இதைச் செய்தால் சாயம் ஓடாது, கறையாகப் பரவும். இலக்க ஒட்டிகளுக்கும் அதே பளபளப்பு வேண்டும். சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிறைப்பட்டு ஓரம் வெள்ளி போல மின்னும்.

தேய்வுக்குப் பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சில் ஒரு கடலை அளவு கிள்ளி எடுத்துக் கடும் கபிலத்தில் தொட்டு, கடதாசியில் ஒற்றி ஒற்றிக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விளிம்பில் மெல்லத் தொடுங்கள். கணக்கு ஒன்றை மறக்க வேண்டாம்: 1/35இல் ஒரு மில்லிமீற்றர் புள்ளி உண்மையில் மூன்றரை சென்ரிமீற்றர். உங்கள் படத்தில் கோபுரத்தில் தெரிகிற தேய்வு ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் கோப்பை அளவு. மூடி விளிம்பு, முன் மட்காட் மூலை, ஏறும் வழி, இவை போதும்.

பெயின்ற் உண்மையாகவே உரிந்ததுபோல வேண்டுமானால் ஹெயார் ஸ்பிரே முறை இருக்கிறது. துரு நிறம் அடித்து வார்னிஷால் மூடி, அதன் மேல் கடையில் விற்கிற சாதாரண ஹெயார் ஸ்பிரே இரண்டு மெல்லிய பூச்சு, காய்ந்ததும் அக்ரிலிக் பச்சை. அரை மணி நேரத்தில் தண்ணீர் தொட்டு, மயிர் கட்டையான பிரஷால் தேய்த்தால் பச்சை துண்டு துண்டாகக் கழரும். மேல் நிறம் லாக்கர் என்றால் தண்ணீர் உள்ளே போகாது, அப்போது எவ்வளவு தேய்த்தும் பயன் இல்லை.

சங்கிலிப் பட்டை உங்கள் மாதிரியில் விறைத்து நிற்கிறது. ரி-34இல் மேலே தாங்கும் சிறு உருளைகள் இல்லை, பட்டை தன் பாரத்தில் தொய்ந்து பெரிய சில்லுகளின் தலையில் படுத்திருக்கும். ரப்பர் பட்டை என்றால் ஒவ்வொரு சில்லின் தலையிலும் சுப்பர் குளூ ஒரு பொட்டு வைத்து, ஸ்பொஞ் துண்டை மேலே திணித்து அழுத்தி ஒரு இரவு விடுங்கள். துருப்பிடித்த செம்மஞ்சள் அடிக்காதீர்கள். ஓடுகிற டாங்கியின் பட்டை கபிலம் கலந்த இரும்பு நிறம், நிலத்தில் படும் முகடு மட்டும் 6பி பென்சில் தேய்த்ததுபோல மினுங்கும். உண்மையிலேயே 6பி பென்சிலால் தேயுங்கள், வேறு சாமான் வேண்டாம்.

களிக்குக் கடற்கரை மணலை எடுக்காதீர்கள். ஒரு மில்லிமீற்றர் மணல் இந்த அளவில் ஒரு கருங்கல். உப்பும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வட்டை மண்ணை ஒரு போத்தல் தண்ணீரில் குலுக்கி, முப்பது விநாடி விட்டு, மேலே கலங்கி நிற்கிற தண்ணீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். அது அடியில் படிய ஒரு நாள் எடுக்கும். மேல் தண்ணீரை வடித்து, படிவைத் தாச்சியில் நன்றாக வறுத்து எடுங்கள். வறுக்காவிட்டால் மாரியில் டாங்கிக்குப் பூஞ்சணம் பிடிக்கும். மா அரிக்கிற அரிதட்டால் அரித்தால் மாவைப் போல இருக்கும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு சுவர்ப் பிளாஸ்ரர் தூள், மட் அக்ரிலிக் வார்னிஷ், களி பதத்துக்குத் தண்ணீர். முதலில் வெளிறிய காய்ந்த களி, பரவலாக. அது காய்ந்தபின் கபிலம் கூட்டி, முந்தியதில் பாதி இடத்தில். கடைசியாகக் கறுத்த ஈரக் களி, பளபள வார்னிஷ் சேர்த்து, பட்டைக்குக் கிட்ட நாலைந்து இடத்தில் மட்டும். தெறிப்புக்கு, தோய்த்த கட்டை பிரஷைப் பல்குத்தும் குச்சியால் இழுத்து விடுங்கள். மேல் தட்டுகளை முன்னரே கடதாசியால் மூடுங்கள்.

மட் வார்னிஷ் புழுதிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் அடித்தால் ஒரு மணி நேர வேலை கண்ணுக்கு முன்னே மறையும், பவுடரின் வெளிர் நிறத்தை வார்னிஷ் நனைத்துவிடும். பவுடரைப் பிடிக்க வைக்க, வைற் ஸ்பிரிற்றை அதன் ஓரத்தில் ஒரு துளி தொட்டு ஓடவிட்டால் போதும்.

வைப்பதற்குக் கண்ணாடி அலுமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம். கடற்காற்று படுகிற வீட்டில் பித்தளைத் தகட்டுப் பாகங்கள் பெயின்ற் இல்லாமல் இருந்தால் பச்சை பூக்கும். வீட்டுப் பெரியவர்கள் டாங்கியைக் கண்டு முகம் சுளித்தால் விளக்கம் சொல்லப் போகாமல் உங்கள் அறை அலுமாரியிலேயே வையுங்கள். இங்கே அதற்குக் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கரைந்துபோன பக்கத்தைத் திருத்த: இரண்டு நாள் காயவிட்டு, 1000ஆம் இலக்க வோட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு விளிம்புப் படியை மட்டும் மழுங்கடித்து, பிரைமர் லேசாக, பிறகு வெளிறிய பச்சை. படத்தில் பார்த்தால் பாதிக்குமேல் சில்லுகளின் பின்னால் இருக்கிற பக்கத் தட்டில்தான் கரைந்திருக்கிறது. அந்த இடத்துக்குப் பிரைமர் மட்டும் போதும், முதல் களியே அதை மூடிவிடும்.