‘போங்க’ என்று சொல்லக்கூடிய ஓர் அக்கா

கேள்வி: நான் சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். எங்கள் மன்றத்தில் ஆறு பேர் சேர்ந்து, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளோடு வாரம் ஒருமுறை பேசி விளையாடிவிட்டு வர நினைக்கிறோம். பலூன், பொம்மை வாங்கப் பணமும் சேர்த்துவிட்டோம். யாரிடம் கேட்பது? என்ன கொண்டுபோவது? என்ன பேசுவது? எங்களைப் பார்த்துக் குழந்தை அழுதால் என்ன செய்வது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கும் பாதி விடை அதற்குள்தான் இருக்கிறது.

வார்டில் படுத்திருக்கும் குழந்தையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் ரத்தம் எடுக்க ஒருவர் வருவார். காய்ச்சல் பார்க்க ஒருவர், மருந்து கொடுக்க ஒருவர், அப்புறம் நான்கைந்து பேர் சூழ டாக்டர். இவர்களில் யாரிடமும் குழந்தை ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. சொன்னாலும் நடப்பது நடக்கும். அந்த அறைக்குள் வருகிறவர்களில், ‘போங்க’ என்றதும் உண்மையாகவே போய்விடக்கூடிய ஆள் தொண்டூழியர் மட்டும்தான். அது உங்களுக்கு அவமானம் இல்லை, நீங்கள் அந்தக் குழந்தைக்குக் கொண்டுபோகும் பொருளே அதுதான்.

குழந்தைகள் வார்டில் தொண்டூழியர்களை ஒருங்கிணைக்கும் வேலையில் நான் பல ஆண்டுகள் இருந்தேன். ஏழு வயதுப் பையன் ஒருவன், பல வாரங்களாக உள்ளேயே இருந்தவன். ஒரு மாணவி பை நிறைய வண்ணத் தாளும் பசையும் கொண்டுவந்து, “வா, டைனோசர் செய்யலாம்” என்றாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் கெஞ்சவில்லை. “நான் போகட்டுமா, இங்கே சும்மா உட்காரட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். “போங்க.” “சரி. அடுத்த சனிக்கிழமை மூணு மணிக்கு வந்து மறுபடி கேட்பேன்.” சொன்னபடியே வந்தாள். மறுபடியும் ‘போங்க’. மூன்றாவது வாரம் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தவளிடம் அவன், “மூணு ஆயிடுச்சு” என்று கடிகாரத்தைக் காட்டினான். அன்று டைனோசர் செய்யவில்லை. ஊனோ சீட்டு விளையாடினார்கள். அவன் வலது கையில் டிரிப் ஊசி, அசையாமல் இருக்கப் பலகை வைத்துக் கட்டியிருந்தது. ஒரே கையால் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டே எடுத்துப் போட முடியாது. அவள் லெகோ கட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் இருந்த இடுக்கில் அவன் சீட்டுகளை நிறுத்தி வைத்தாள், தன் கண்ணுக்குத் தெரியாதபடி. இரண்டு ஆட்டமும் அவனே ஜெயித்தான்.

அதனால், குழந்தை அழுதால் பதறாதீர்கள். ஓரடி பின்வாங்குங்கள், குழந்தையின் தலையைவிட உங்கள் தலை தாழ்ந்திருக்கும்படி உட்காருங்கள், கேளுங்கள். போகச் சொன்னால் போங்கள். அழாத குழந்தையையும் கவனியுங்கள். பிரிட்டனில் 1950கள் வரை பல மருத்துவமனைகளில் பெற்றோர் வந்து பார்க்க மிகக் குறைந்த நேரமே கொடுத்தார்கள். தனியாக விடப்பட்ட குழந்தை சில நாளில் அடங்கிப்போவதைப் பார்த்து, ‘பழகிவிட்டது’ என்று நினைத்தார்கள். அது பழகியது இல்லை, நம்பிக்கை விட்டுப்போனது என்று புரிந்துகொள்ள நாளாயிற்று. 1959இல் அங்கே வந்த பிளாட் குழுவின் அறிக்கைதான் பெற்றோர் தடையின்றி வரலாம், குழந்தைகளுக்கு விளையாட்டும் படிப்பும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகவே சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் குழந்தையிடமும், “இது பிடிச்சிருக்கா, வேற ஏதாவது செய்யலாமா?” என்று கேளுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, கெண்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகிய இரண்டிலும்தான் இங்கே பெரும்பாலான குழந்தைகள் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள். நேராக வார்டுக்குப் போய் நிற்காதீர்கள். தொண்டூழியப் பிரிவுக்கு எழுதுங்கள். குறைந்தபட்ச வயதும், தொடர்ந்து எத்தனை மாதம் வரவேண்டும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். வார்டுக்குள் இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம், கிளப் ரெயின்போ என இரண்டு அமைப்புகள் 1992 முதல் இயங்குகின்றன. நீண்டகால நோயுள்ள பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகும் அவர்களுக்குத் துணையும் பாடத்தில் கைகொடுக்க ஆளும் தேவைப்படுகிறது. என்னைக் கேட்டால், பல மாதம் பள்ளிக்குப் போகாத ஒரு தொடக்கநிலை மாணவனுக்குக் கணக்குச் சொல்லித்தரும் அண்ணன், பொம்மை கொடுக்கும் அண்ணனைவிட ஒரு படி மேல்.

எழுதும்போது ‘ஆறு பேர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஆறு பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றால் அது இன்னொரு டாக்டர் கூட்டம். இருவர் இருவராகப் பிரிந்து, ஒவ்வொரு ஜோடியும் ஒரே கிழமை, ஒரே நேரம், முடிந்தால் ஒரே வார்டு என்று எழுதுங்கள். முறை வைத்து வாரம் ஒரு முகமாக மாற்றினால் உங்களுக்கு வசதி, குழந்தைக்கு வாரம் ஒரு அந்நியர். பள்ளிக்கு வி.ஐ.ஏ. எனும் சமூகசேவைத் திட்டத்தின் மணிக்கணக்கு வேண்டுமென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்தது, பலரும் மறந்துவிடுகிற ஒன்று: உங்கள் தடுப்பூசி. சிங்கப்பூரில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மை ஊசி சேர்ந்தது 2020 நவம்பரில்தான். உங்கள் வயதுக்காரர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது அது பட்டியலில் இல்லை. பெற்றோர் தாமாகப் போட்டிருந்தால்தான் உண்டு. ஆகவே சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னடையாளத்தின் வழியாக ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியில் உங்கள் பதிவைப் பாருங்கள். தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சின்னம்மை உடம்பில் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றிவிடும். நமக்கு அது ஒரு வாரம் வீட்டில் இருக்கும் விஷயம். புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி இறங்கிய குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. லேசாகத் தொண்டை கரகரத்தாலும், வீட்டில் தம்பிக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் வந்திருந்தாலும் அன்று போகாதீர்கள். ஆனால் வரவில்லை என்று சொல்லி அனுப்புங்கள். அங்கே ஒருவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பலூன் வேண்டாம். ரப்பர் பலூனின் லேடெக்ஸ் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும், வெடித்த துண்டு சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்கும். பஞ்சு பொம்மையைத் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது. நாம் விளையாடிய துணிமுடிச்சு ஐந்து கல்லுக்கும் அதே கதிதான், எனக்கே அதில் வருத்தம். சேர்த்த பணத்தில் கிருமிநாசினி போட்டுத் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் சீட்டு, பகடை, புதிய வண்ணப் பென்சில் வாங்குங்கள். தின்பண்டம் கூடவே கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு முன் பல மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். நீங்கள் ஆசையாய்க் கொடுத்த ஒரு பிஸ்கட்டால் அன்றைய அறுவையே தள்ளிப்போகலாம்.

கட்டிலைத் தொடுமுன்னும் விட்டு வந்த பின்னும் கை கழுவுங்கள். டிரிப் இயந்திரம் ‘பீப்’ என்று கத்தினால் எந்தப் பொத்தானையும் தொடாமல் தாதியரைக் கூப்பிடுங்கள். தூக்குவது, ஊட்டுவது, கழிவறைக்கு அழைத்துப்போவது உங்கள் வேலை இல்லை. படம் எடுக்காதீர்கள், குழந்தையே கேட்டாலும்.

பேச்சுக்கு வருவோம். ‘உனக்கு என்ன நோய்?’, ‘எப்போ வீட்டுக்குப் போவே?’ இரண்டையும் கேட்காதீர்கள். ‘சீக்கிரம் சரியாயிடும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களுக்குத் தெரியாது. உங்கள் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் இன்று என்ன நடந்தது என்று சொல்லுங்கள். வெளி உலகம் வேண்டும் அவர்களுக்கு. ஒருநாள் ஒரு பிள்ளை உங்களிடம், “அக்கா, நான் செத்துடுவேனா?” என்று கேட்கலாம். அம்மாவிடம் கேட்டால் அம்மா அழுவார் என்று உங்களிடம் கேட்கும். பொய்யும் சொல்லாதீர்கள், பேச்சையும் மாற்றாதீர்கள். “பெரிய கேள்வி கேட்டிருக்கே. எனக்குத் தெரியலை. நர்ஸ் அக்காகிட்ட நாம ரெண்டு பேரும் சொல்லலாமா?” என்று கேளுங்கள். யாரிடமும் சொல்லாதே என்றால், அந்த ரகசியத்தைக் காப்பேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். வார்டை விட்டு வருமுன் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தமிழும் அங்கே பயன்படும். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, கட்டிலோரம் பல நாள் பாட்டிதான் உட்கார்ந்திருப்பார். சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, இங்கே ஒருவரையும் தெரியாமல் இருக்கும் தாயும் இருப்பார். “பாட்டி, சாப்டீங்களா?” என்று கேளுங்கள். தாதியர் சம்மதித்தால், நீங்கள் இருக்கும் நேரத்தில் அவர் கீழே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரட்டும்.

ஒரு சனிக்கிழமை கட்டில் காலியாக இருக்கும். வீட்டுக்குப் போயிருக்கலாம், வேறு வார்டுக்கு மாறியிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். குடும்பத்தின் அனுமதியின்றி உங்களிடம் சொல்ல முடியாமலும் போகலாம். அன்று நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். ஜோடியில் மற்றவரோடு பத்து நிமிடம் உட்காருங்கள், பொறுப்பாளரிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுப் பேசுங்கள். பதினேழு வயதில் இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு நவம்பரில் உங்களுக்கு ஏ நிலைத் தேர்வு. எப்படியும் ஒருநாள் நிறுத்துவீர்கள். திடீரென்று வராமல் போகாதீர்கள். கடைசி நான்கு வாரத்துக்கு ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, வாரம் ஒன்றைக் குழந்தையே வண்ணம் தீட்டட்டும். மூன்றாவது கட்டத்தின்போது உங்களுக்குப் பின் வரப்போகும் ஜூனியர் இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களையும் அவன் ‘போங்க’ என்று சொல்லலாம் என்று அவர்கள் எதிரிலேயே அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.